கமிசாரியோ ஸ்பதாரோவும் சிஞ்ஞோராவின் மோதிரமும்

ஒக்டோபர் 8, திங்கள்

பிறஷர் காலை 138, மாலை 140. மூன்று குளிசையும் கொடுத்தாயிற்று. மதியம் பருப்புச் சூப், பாதி மிச்சம்.

புதுக் கொப்பி தொடங்குகிறேன். இதை எழுதச் சொன்னவர், நான் பராமரிக்கும் வீட்டு அம்மா சிஞ்ஞோரா எர்மெலிந்தாவின் மகள் லொரெதானா. தாய்க்கு எண்பத்தேழு வயது. என்ன சாப்பிட்டார், பிறஷர் எவ்வளவு, வீட்டில் என்ன நடந்தது என்று நாள்தோறும் எழுதி வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து எண்களைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போடுவார். மற்றதெல்லாம் தமிழ், அவருக்கு விளங்காது. ஆகையால் மிச்ச இடத்தில் என் மனதில் இருப்பதையும் எழுதிக்கொள்கிறேன். இத்தாலிக்கு வந்து பலெர்மோவில் பத்தொன்பது வருடம் மற்றவர்களின் வீட்டைத் துடைத்தவளுக்கு இந்த உரிமைகூட இல்லையா?

நாளை முதல் வீட்டில் படப்பிடிப்பு. திங்கட்கிழமை தோறும் ரீவியில் போகும், கமிசாரியோ ஸ்பதாரோ என்ற பொலிஸ் அதிகாரி துப்பறியும் தொடரின் ஒரு அத்தியாயத்தை இங்கே எடுக்கப் போகிறார்கள். பல்லரோ சந்தைக்குப் பின்னால் இவ்வளவு பழைய பல்கனியும் இவ்வளவு பெரிய அலுமாரியும் வேறெந்த வீட்டிலும் இல்லையாம். யன்னல் சீலைகளைக் கழற்றித் தோய்த்துப் போட்டேன். சிஞ்ஞோரா பன்னிரண்டு வருடமாகத் தொடாத உதட்டுச் சாயத்தைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார். கமிசாரியோவாக நடிக்கும் ருஜ்ஜேரோ என்றால் அவருக்கு உயிர்.

ஒக்டோபர் 9, செவ்வாய்

பிறஷர் 140, 143.

நடக்க இடமில்லை, எங்கும் வயர். செத்த கிழவியாக நடிக்கும் நடிகை காலை ஒன்பது மணியிலிருந்து ஒரு மணிவரை தரையில் செத்துக் கிடந்தார். பிறகு எழும்பி ஒரு தட்டுப் பாஸ்தா சாப்பிட்டார். கமிசாரியோ இருபது தடவை படியேறினார்.

உதவி இயக்குநர் மார்த்தா என்ற பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிழவியைப் பராமரிக்கும் பெண்ணாக நடிக்க ரோமிலிருந்து வரவேண்டியவள் வரவில்லையாம். நீ நடிக்கிறாயா என்று கேட்டாள். நான் முடியாது என்றேன். சிஞ்ஞோரா வற்புறுத்தியதால்தான் ஒப்புக்கொண்டேன், வேறு காரணம் இல்லை.

வீட்டுக்கு வந்து கண்ணாடிக்கு முன்னால் நாலைந்து தரம் நடந்து பார்த்தேன். இடுப்பு நோவுக்கு நடை நல்லது.

ஒக்டோபர் 10, புதன்

பிறஷர் 142, 144.

இன்று என் காட்சி. அலுமாரி லாச்சியைத் திறந்து, ஒரு மோதிரத்தை எடுத்து, பல்கனி வெளிச்சத்தில் பார்த்து, என் வேலை அங்கியின் மார்புப் பையில் வைக்க வேண்டும். அவர்கள் கொண்டுவந்த மோதிரம் திருவிழாக் கடைச் சாமான். சிஞ்ஞோரா அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். தன் விரலில் இருந்த நீலக்கல் மோதிரத்தைக் கழற்றி, இதை வைத்து எடுங்கள் என்று கொடுத்துவிட்டார். செத்துப்போன கணவர் நீனோ நிச்சயதார்த்தத்துக்குப் போட்ட மோதிரம் அது.

எனக்குத் தந்தது ஒரே ஒரு பக்கம், அதில் ஒரே ஒரு வசனம்: சிஞ்ஞோராவை நான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன். முழுக்கதையை எங்களைப் போன்றவர்களுக்குக் காட்டுவதில்லையாம்.

"நான் ஏன் இதை எடுக்கிறன்?" என்று மார்த்தாவைக் கேட்டேன்.

"உனக்கு அந்தக் கிழவியிலை சரியான விருப்பம். வேறை ஆரும் எடுத்துப்போடக் கூடாதெண்டு பத்திரப்படுத்துறாய்."

அதை நம்பி நடித்தேன். முதல் தடவை கை வேகமாகப் போய்விட்டது. இரண்டாம் தடவை முகம் தெரியவில்லை. மூன்றாம் தடவை கீழே மீன்காரன் கத்தினான். நாலாம் தடவை முடிந்ததும் இயக்குநர் கதிரையை விட்டு எழும்பிக் கைதட்டினார். நான் மோதிரத்தை எடுத்துச் சிஞ்ஞோராவின் உள்ளங்கையில் வைத்தேன்.

சாமான்களை ஒதுக்கும்போது விளக்குக்காரன் பல்கனியில் இருந்த நீலப் பூச்சாடியைத் தட்டி உடைத்துப்போட்டான். இத்தாலித் துளசி வைத்திருந்த சாடி, அதுவும் நீனோ வாங்கியது. ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கூட்டி அள்ளியது நான்.

ஒக்டோபர் 11, வியாழன்

பிறஷர் 141, 150.

வெறும் பல்கனியைப் பார்த்துச் சிஞ்ஞோரா வாடிப்போயிருந்தார். காலையிலேயே சந்தைக்குப் போய்ச் சிவப்பு ஜெரானியோப் பூஞ்செடி ஒன்று வாங்கி வந்து அந்த இடத்தில் வைத்தேன். எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுவது என்று பூச்சாடியில் குத்தியிருந்த படஅட்டையை மறந்துபோகாமல் இந்தப் பக்கத்தின் அடியில் ஒட்டியிருக்கிறேன்.

பின்னேரம் சிஞ்ஞோராவுக்கும் ஒரு காட்சி கொடுத்தார்கள். செத்த கிழவியின் தங்கையாகக் கதிரையில் இருக்க, கமிசாரியோ வந்து மோதிரத்தை அவர் விரலில் போட்டுக் கையை முத்தமிடுகிறார். கதை அதோடு முடிகிறதாம். இதற்குப் பதினொரு தடவை. எனக்கு நாலே தடவையில் சரிவந்தது என்பதைச் சும்மா எழுதி வைக்கிறேன்.

ஒக்டோபர் 12, வெள்ளி

பிறஷர் காலை 146, மாலை 165. இரண்டு கோப்பி குடித்ததால் ஆக்கும்.

எல்லோரும் போய்விட்டார்கள். ருஜ்ஜேரோ மட்டும் விடைபெற வந்தார். சிஞ்ஞோரா என்னை எலுமிச்சை ஐஸ் வாங்கி வரும்படி அனுப்பினார். முக்கில் உள்ள கடையில் வேண்டாம், மசிமோ அரங்குக்குப் பக்கத்துக் கடையில்தான் வேண்டும் என்றார். நான் திரும்பி வரும்போது அவர் படியிறங்கிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. என்னை இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். இதை என் கணவர் குலசேகரத்துக்குச் சொல்லவில்லை.

சிஞ்ஞோரா இடக்கையைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு இருந்தார். விரல் வீங்கிவிட்டது, மோதிரத்தைக் கழற்றி லாச்சியில் வைத்துவிட்டேன் என்றார். எண்ணெய் தடவிவிடக் கையைக் கேட்டேன். வீங்கினதாகத் தெரியவில்லை.

ஒக்டோபர் 14, ஞாயிறு

லொரெதானா வந்து கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை ஏன் 165 என்று கேட்டார். கோப்பி என்றேன்.

பெப்ரவரி 17, ஞாயிறு

நாளைக்கு எங்கள் அத்தியாயம் போகிறது.

வழமைபோல் காலையில் பெல்லெக்ரீனோ மலையேறி ரொசாலியா மாதாவிடம் போனோம். ஊரில் வல்லிபுர ஆழ்வார் கோயிலில் கும்பிட்டு வளர்ந்தவள் நான். பலெர்மோவுக்கு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை இந்த மலை ஏறாவிட்டால் ஏதோ குறையும். பலெர்மோத் தமிழரில் சைவம், கிறிஸ்தவ வேதம் என்ற வித்தியாசம் மலையடிவாரத்தோடு சரி. வழியில் கேட்டவர்களுக்கு மட்டும்தான் சொன்னேன். எப்படியோ எல்லோரும் கேட்டார்கள். யோகமலர் அக்கா தன் வீட்டில் பெரிய ரீவி இருக்கிறது, எல்லோரும் அங்கே வாருங்கள் என்றுவிட்டார். அறுபது பற்றீஸ் பொரித்துக் கொண்டுபோக வேண்டும்.

பெப்ரவரி 19, செவ்வாய்

பிறஷர் 147, 145.

நேற்று எழுதவில்லை. எழுத முடியவில்லை.

யோகமலர் அக்கா வீட்டில் இருபத்தாறு பேர். நான் பிளம் நிறச் சேலை கட்டியிருந்தேன். என் முகம் வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நான் லாச்சியைத் திறக்கிறேன், மோதிரத்தை எடுக்கிறேன், வெளிச்சத்தில் பார்த்து மெல்லச் சிரிக்கிறேன், பையில் வைக்கிறேன். பின்னால் திருட்டுக்குப் போடும் இசை போடுகிறார்கள். கைதட்டல் நின்றது.

அடுத்த காட்சியில் கிழவி விழித்துக்கொள்கிறாள். இரண்டு கைகள் அவளைப் பிடித்துத் தள்ளுகின்றன. அது என் கையல்ல. எவளோ ஒருத்தியின் கைக்கு மண்ணிறம் பூசி, என் அங்கியைப் போல ஒன்றை மாட்டி எடுத்திருக்கிறார்கள். பிறகு பொலிஸ் நிலையத்தில் முதுகு மட்டும் தெரிய ஒருத்தி அழுகிறாள். அதுவும் நான்தானாம். நான் வாயைத் திறக்கும் ஒரே இடத்தில் வேறு குரல் வருகிறது. "நான் சிஞ்ஞோரா நல்லா பாக்கிறது" என்று கொச்சை இத்தாலியன் பேசுகிறது. பத்தொன்பது வருடமாக இந்தச் சந்தையில் பேரம்பேசி வாங்குகிறேன். மீன்காரனே என் இத்தாலியனுக்குப் பயப்படுவான். என் வாய்க்குள் அந்தக் குரலைப் போட்டவர்கள் நாசமாய்ப் போகட்டும்.

பத்திரப்படுத்துகிறாயாம். மார்த்தா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்ன சொல். என்னை வைத்து என்னையே கொலைகாரி ஆக்கியிருக்கிறார்கள், அதுவும் நான் வேலைசெய்யும் வீட்டில், நான் தோய்த்த யன்னல் சீலைக்கு முன்னால்.

முடிவில் கமிசாரியோ மோதிரத்தைச் சிஞ்ஞோராவின் விரலில் போட்டார். யோகமலர் அக்கா மட்டும் வாய் திறந்தார்.

"நடிப்புத்தானே, திலகேஸ்வரி. விடும். ஆனால் கை நல்லாப் பழகின மாதிரி இருந்தது."

பற்றீஸ் முப்பத்தெட்டு மிச்சம்.

பெப்ரவரி 20, புதன்

பிறஷர் பார்க்கவில்லை. இதுவரை ஒருநாளும் இப்படி விட்டதில்லை.

லொரெதானா வேலைநாளில் வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் நேரே அலுமாரிக்குப் போய் லாச்சியை வெளியே இழுத்துக் கட்டிலில் கொட்டினார். மோதிரம் இல்லை.

"எங்கை?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது. சிஞ்ஞோரா லாச்சியிலை வைச்சனெண்டு சொன்னவ."

"நீ எடுத்ததை நாடே பாத்தது."

நான் சிரித்துவிட்டேன். பகிடி விடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். "அது நாடகம் சிஞ்ஞோரா லொரெதானா. நடிச்சு முடிய உங்கடை அம்மாவின்ரை கையிலை குடுத்தனான். பிறகுதானே அவவின்ரை காட்சி எடுத்தவை. விரலிலை போட்டதை நீங்களும் பாத்தனீங்கள்."

லொரெதானா தாயைப் பார்த்தார். "அம்மா, உங்கடை காட்சி எப்ப எடுத்தவை? இவள் நடிக்க முந்தியோ, பிந்தியோ?"

சிஞ்ஞோரா தன் மடியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "முந்தி" என்றார். "செவ்வாய்க்கிழமை. இவையள் கடைசியைத்தான் முதல் எடுப்பினம்."

பிழை என்றேன். வயதுபோனவர், மறந்துவிட்டார் என்றேன். லொரெதானா கேட்கவில்லை. வாற புதன்கிழமைக்குள் மோதிரம் லாச்சிக்குள் வரவேண்டும், இல்லாவிட்டால் பொலிசில் முறைப்பாடு என்றார். என் இருப்பு அனுமதி ஏப்ரலில் முடிகிறது. களவு முறைப்பாட்டோடு எந்தக் கந்தோரில் போய் வரிசையில் நிற்பது?

இன்னொன்று. ஏழு வருடமாக என்னோடு மரியாதையாக நீங்கள் என்று பேசியவர், இன்று முழுக்க நீ. நல்லது. இன்றிலிருந்து இந்தக் கொப்பியில் அவரும் அவள்தான்.

பெப்ரவரி 21, வியாழன்

150, 152. சிஞ்ஞோரா என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பெப்ரவரி 22, வெள்ளி

குலசேகரம் சொல்கிறார், விட்டுவிட்டு வேறு வீடு பார்ப்போம் என்று. மோதிரத்தை எடுத்தவள் விட்டுவிட்டுப் போவாள். நான் ஏன் போக வேண்டும்?

பெப்ரவரி 24, ஞாயிறு

மலையேறினேன். போகாவிட்டால் பயந்துவிட்டாள் என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று அம்மா சொல்லுவா. பலெர்மோவிலும் அந்த அளவில் மூடி இன்னும் வரவில்லை.

படிக்கட்டில் மங்கையர்க்கரசி என்னை மறித்தாள். இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருப்பவள், ஒரு வைத்தியர் வீட்டில் வேலை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வெளிக்கிடும்போது அந்த வீட்டு அம்மா அவளுடைய கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னாராம்.

"ஆறு வருசமாய் அங்கை நிக்கிறன் அக்கா. ஒருநாளும் அப்பிடிக் கேட்டதில்லை. நீங்கள் நடிச்சதாலை இல்லையெண்டு எனக்குத் தெரியும். ஆனால் உங்களிலைதான் கோவம் வருது."

அவள் சொன்னது நியாயம் இல்லை. அந்தத் தொடரை எழுதியவன் எங்கேயோ ரோமில் இருந்து நல்ல கோப்பி குடித்துக்கொண்டிருப்பான். கொலைகாரி யாராக இருக்கலாம் என்று யோசித்திருப்பான். வீட்டில் வேலைசெய்யும் கறுத்தவள் இருக்கிறாளே, பிறகென்ன பெரிய யோசனை. கமிசாரியோவுக்கு மூளை இருப்பதாகத்தான் எல்லா அத்தியாயத்திலும் காட்டுகிறார்கள்.

கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். நான் விசாரிக்கப் போகிறேன்.

பெப்ரவரி 25, திங்கள்

காலை 151.

பின்னேரம் விடுப்பு. குலசேகரம் கணினியில் அந்த அத்தியாயத்தை எடுத்துத் தந்தார். இனி இதைப் பார்க்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தேன். மூன்று தரம் பார்த்தேன். நான் மோதிரத்தை உயர்த்தும்போது என் தோளுக்குப் பின்னால் பல்கனி தெரிகிறது. நீலச் சாடியும் துளசியும் நிற்கின்றன. சிஞ்ஞோராவின் காட்சிக்கு வந்தோம். கமிசாரியோ குனிந்து கையை முத்தமிடுகிறார். அவருடைய தலைக்கு மேலே பல்கனி தெரிகிறது.

"நிப்பாட்டுங்கோ" என்றேன்.

சிவப்புப் பூ.

ஒக்டோபர் கொப்பியைத் தேடி எடுத்தேன். புதன்கிழமை என் காட்சி, அன்றே சாடி உடைந்தது. வியாழன் காலை ஜெரானியோ வாங்கினேன். படஅட்டை இன்னும் ஒட்டியபடி இருக்கிறது. அதே பக்கத்தின் அடியில் லொரெதானா கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எழுத இடம் போதாமல் கையெழுத்தின் வால் அட்டையின்மேல் ஏறியிருக்கிறது. இதைப் பிறகு ஒட்டினேன் என்று எவனாலும் சொல்ல முடியாது.

குலசேகரம் கொப்பியையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப நீர் குடுத்த பிறகுதான் மனுசியின்ரை விரலிலை போட்டிருக்கினம்."

"ஓம்."

"அப்ப மோதிரம் எங்கையெண்டு அந்த மனுசிக்குத் தெரியும்."

அதைச் சொல்லாதேங்கோ என்று சத்தம் போட்டேன். ஏழு வருடம் தலை சீவிவிட்டிருக்கிறேன். நகம் வெட்டியிருக்கிறேன். என் அம்மா செத்த செய்தி வந்த அன்று எனக்குக் கோப்பி போட்டுத் தந்தவர் அந்த மனுசி. பன்னிரண்டாம் திகதிப் பக்கத்தையும் படித்தேன். 165. எலுமிச்சை ஐஸ். படியில் கலங்கிய கண். நானே என் கையால் எழுதி வைத்திருக்கிறேன், நாலு மாதமாக எனக்கே விளங்கவில்லை.

பெப்ரவரி 26, செவ்வாய்

காலை 150. மாலை பார்க்க விடவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் இருந்தேன்.

"சிஞ்ஞோரா, உங்கடை காட்சி எந்த நாள் எடுத்தவை?"

"செவ்வாய்க்கிழமை. சொன்னனான்தானே."

"செவ்வாய்க்கிழமை பல்கனியிலை துளசி நிண்டது. உங்கடை காட்சியிலை ஜெரானியோ நிக்குது."

அவர் பல்கனியைப் பார்த்தார். ஜெரானியோ இப்போதும் அங்கேதான் நிற்கிறது. கெட்டிக்காரி, எண்பத்தேழு வயதிலும் உடனே விளங்கிவிட்டது. இடக்கை விரலைத் தடவினார். திலகேஸ்வரி என்ற என் பெயர் இந்த வீட்டில் தீலா.

"பதினொரு தரம் கையைக் கொஞ்சினவன், தீலா. நீனோ செத்துப் பதினாறு வருசம். அதுக்குப் பிறகு இந்தக் கையைப் பிடிக்கிற ஆக்களெல்லாம் பிறஷர் பாக்கத்தான் பிடிக்கினம்."

"அதுக்கு?"

"போகேக்குள்ளை குடுத்திட்டன். வேண்டாமெண்டு அழுதவன். நான்தான் வைச்சிரு எண்டு சொன்னனான்."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அது ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. "குடுத்தது உங்கடை விருப்பம். உங்கடை மோதிரம். என்னைக் கள்ளியெண்டு சொல்லேக்குள்ளை ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"லொரெதானா முதியோர் இல்லத்துக்குப் பத்திரம் எல்லாம் எடுத்து வைச்சிருக்கிறாள். நடிகனுக்கு மோதிரம் குடுத்தனெண்டு தெரிஞ்சால் மூளை பழுதெண்டு கொண்டுபோய் விட்டிடுவாள்." என் கையைப் பிடித்தார். "உனக்கு வேறை வீடு கிடைக்கும், தீலா. எனக்கு வேறை வீடு கிடையாது."

கையை இழுத்துக்கொண்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதைத்தான்.

"எனக்கு வேறை வீடு கிடைக்கும். வேறை பேர் கிடைக்குமோ? மங்கையர்க்கரசி கைப்பையைத் திறந்து காட்டிப்போட்டுத்தான் வீட்டை போறாள். அவளுக்கும் வேறை வீடு பாத்துத் தருவியளோ?"

அவர் அழுதார். நானும் அழுதேன், ஆனால் என்னுடையது கோபத்தில். கடைசியில் சொல்லிவிட்டேன். "மோதிரம் ஆரிட்டை எண்டதை நான் சொல்லமாட்டன். அது நீங்கள் சொல்லவேண்டியது. ஆனால் என்னிட்டை இல்லையெண்டதை நாளைக்குச் சொல்லத்தான் போறன்."

இரவுக் குளிசையைக் கொடுத்து, போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தேன். வேலை வேலைதான்.

பெப்ரவரி 27, புதன்

காலை 158.

லொரெதானா பத்து மணிக்கு வந்தாள். நான் மேசையில் மூன்று சாமான் வைத்திருந்தேன். ஒக்டோபர் கொப்பி, குலசேகரத்தின் கணினி, ஜெரானியோச் சாடி. கமிசாரியோ எல்லோரையும் ஒரு அறையில் இருத்தி வைத்துப் பேசுவார். எங்களிடம் மூன்று பேர்தான், ஆனாலும் நான் எழும்பி நின்றேன்.

இரண்டு காட்சியையும் போட்டுக் காட்டினேன். துளசியைக் காட்டினேன், பூவைக் காட்டினேன். கொப்பியைத் திறந்து, திகதியையும் பிறஷரையும் அவளே வாசிக்கட்டும் என்று அவள் பக்கம் திருப்பி வைத்தேன். அட்டையையும் அதன்மேல் ஏறியிருந்த அவளுடைய கையெழுத்தையும் விரலால் தொட்டேன்.

"இது ஆற்றை கையெழுத்து?"

அவள் கையெழுத்தின் வாலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"புதன்கிழமை நான் மோதிரத்தைத் திருப்பிக் குடுத்தனான். வியாழக்கிழமை அது உங்கடை அம்மாவின்ரை விரலிலை இருந்தது. அதுக்குப் பிறகு எங்கையெண்டு என்னைக் கேளாதேங்கோ."

லொரெதானா மெல்லத் திரும்பினாள். சிஞ்ஞோரா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அவர் வாய் திறக்கமாட்டார் என்றே நினைத்தேன். திறக்காவிட்டால் அங்கியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இறங்கிவிடுவது என்று முடிவும் எடுத்துவிட்டேன்.

"குடுத்திட்டன்" என்றார்.

"ஆருக்கு?"

"கமிசாரியோவுக்கு."

லொரெதானா நெற்றியில் கையை வைத்தபடி கதிரையில் இருந்துவிட்டாள். "பாத்தனீங்களோ, தீலா? இதைத்தான் நான் ஒரு வருசமாய்ச் சொல்லுறன். அம்மாவுக்குப் புத்தி தடுமாறிப்போச்சு. இனித் தனிய விடேலாது. வாற மாசமே இல்லத்திலை சேர்க்கோணும்."

சிஞ்ஞோரா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஒன்றும் கடன்பட்டவள் இல்லை. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பொய் யார் சொன்னாலும் எனக்கு எரிச்சல் வரும். அந்த வாரம் எனக்குப் பொய் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது.

"புத்தி தடுமாறினவ இல்லை" என்றேன். "என்னை எலுமிச்சை ஐசுக்குத் தூர அனுப்பினவ. விரல் வீங்கிப்போச்செண்டு நாலு மாசம் உங்களைப் பேய்க்காட்டினவ. நீங்கள் கேட்ட உடனை செவ்வாய்க்கிழமை எண்டு சொன்னவ. ஒரு இடத்திலையும் பிசகேல்லை. புத்தி தடுமாறின மனுசி இவ்வளவு திறமாய்ப் பொய் சொல்லாது."

சிஞ்ஞோரா தலையை ஆட்டினார். "அது உண்மை" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

மாலை 141.

பெப்ரவரி 28, வியாழன்

லொரெதானா மன்னிப்புக் கேட்கவில்லை. "பாத்தா அப்பிடித்தானே இருந்தது" என்றாள் தொலைபேசியில். 'நீங்கள்' என்ற சொல் மட்டும் திரும்பி வந்துவிட்டது. கொப்பியில் அவள் அவர் ஆகும் நாள் இன்னும் வரவில்லை.

மார்ச் 8, வெள்ளி

139, 140.

ரோமிலிருந்து பதிவுத் தபாலில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. உள்ளே மோதிரமும் ருஜ்ஜேரோ கையால் எழுதிய கடிதமும். லொரெதானா கேட்டதும் அனுப்புகிறாராம். வாங்கியது தவறு, ஐந்து மாதமாகத் தன் அம்மாவும் இதையே சொல்லி ஏசிக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறார். சிஞ்ஞோரா கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்தார். மோதிரத்தை மேசையில் வைத்துவிட்டு, "எடுத்து லாச்சியிலை வை, தீலா" என்றார்.

நான் தொடமாட்டேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மகள் வரட்டும்.

மார்ச் 10, ஞாயிறு

140, 138.

இன்று மலைக்குப் போகவில்லை. லொரெதானா பதினொரு மணிக்கு வந்தாள். மேசையில் மோதிரம் இரண்டு நாளாக அங்கேயே கிடந்தது. அவள் அதை எடுக்கக் கையை நீட்டினாள்.

"நில்லுங்கோ. உங்கடை போனை எடுங்கோ. கமராவைப் போடுங்கோ."

"ஏன்?"

"நான் எடுத்ததை நாடே பாத்ததெண்டு சொன்னீங்கள். வைக்கிறதையும் பாக்கட்டும். எடுத்து எனக்கு அனுப்புங்கோ. நான் யோகமலர் அக்காவுக்கு அனுப்புவன். மிச்சத்தை அவ பாத்துக்கொள்ளுவா. மங்கையர்க்கரசி அந்த வைத்தியர் வீட்டு அம்மாவுக்கும் காட்டுவாள்."

அவளுக்குக் கோபம் வந்தது. வாயைத் திறந்தாள். கதிரையில் இருந்த சிஞ்ஞோரா, "எடு பிள்ளை" என்றார். அவள் போனை எடுத்தாள்.

நான் வேலை அங்கியைத் தட்டிச் சரிசெய்துகொண்டு மோதிரத்தை எடுத்தேன். பல்கனி வெளிச்சத்தில் உயர்த்திக் காட்டினேன். பின்னால் ஜெரானியோ நிற்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். லாச்சியைத் திறந்து, வைத்து, திறப்பால் பூட்டி, வெறுங்கை இரண்டையும் விரித்துக் காட்டி, "என்ரை பேர் திலகேஸ்வரி. இது என்ரை சொந்தக் குரல்" என்று நல்ல இத்தாலியனில் சொன்னேன். திறப்பை லொரெதானாவிடம் கொடுத்தேன்.

"முடிஞ்சுதோ?" என்றாள்.

போனை வாங்கிப் பார்த்தேன். படம் ஆடியிருக்கிறது, என் முகம் பாதிதான் தெரிந்தது.

"இது சரியில்லை. திருப்பி எடுங்கோ" என்றேன்.

அவள் திருப்பி எடுத்தாள். இரண்டாவதில் கீழே மணி அடித்தது. மூன்றாவதில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் களவெடுக்க என்னை வைத்து நாலு தடவை எடுத்தார்கள். வைக்கவும் இவள் நாலு தடவை எடுக்கட்டும் என்று, வெளிச்சம் போதாது என்றேன். லொரெதானா திறப்பைத் திருப்பித் தந்துவிட்டு, யன்னல் சீலையை விலக்கிவிட்டுப் போனைப் பிடித்தாள்.

நாலாவதுதான் நன்றாக வந்தது.